விடுகோடு

காலை ஒன்பது மணிக்குப் பனையடிமேடு கடலுக்குள் போனது. பத்தரைக்கு வெளியே வந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடியும் போய்விட்டது.

மழை இல்லை, புயல் இல்லை. ஊரில் அந்த நேரம் யாராவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கடலைக் கண்ணால் கண்டிராத ஒரு மலைநகரத்து மாநாட்டுக் கூடத்தில், ஒப்பந்த வரைவின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் எண் மாறிக்கொண்டிருந்தது. 2.7. பிறகு 1.9. இப்போது 3.2.

அந்த எண்ணுக்குப் பெயர் விடுகோடு. கரையிலிருந்து உள்ளே எத்தனை கிலோமீட்டர் வரை நிலத்தைக் கடலுக்கு விட்டுவிடுவது என்பதைச் சொல்லும் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தடுப்புச்சுவர், மின்சாரம், சாலை, பள்ளிக்கூடம். கடல்பக்கம் இருப்பவனுக்கு ஒரு லாரியும், மூட்டை கட்ட ஒரு வாரமும். பனையடிமேடு இரண்டாவது கிலோமீட்டரில் தொடங்கி இரண்டு புள்ளி ஆறில் முடிந்தது. அறுநூறு மீட்டர் நீளத்தில் நூற்றெண்பது வீடு. அதில் ஒன்று தனக்கொடியின் அம்மா பூங்காவனத்துடையது.

தனக்கொடி திரையைத் திருப்பிக் காட்டினாள். "மூணு புள்ளி ரெண்டு போட்டிருக்கான் சார். ஊரோட போச்சு."

"பதறாதம்மா," என்றார் சிவசைலம். "துணைமதியக் கேப்போம்."

சிவசைலம் சோழக்கரை அணியின் தலைவர். அணி என்றால் அவரும் இவளும்தான். பெரிய நாடுகளின் தலைநகரங்கள் எல்லாம் மேட்டில் இருந்ததால் கடலைப் பற்றிப் பேச அவற்றுக்கு அவசரம் இருந்ததில்லை. முப்பது வருடம் கத்திய பிறகு கரைகளுக்கே தனி இருக்கை கொடுத்தார்கள். கரைநாடுகள் என்று பெயரும் வைத்தார்கள். ஏழைக் கரைநாடுகள் மொத்தம் நாற்பத்து மூன்று. நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரே நேரத்தில் முப்பத்தேழு அறைகளில் பேச்சு நடக்கும். எதிரே மேட்டுநாடுகள் ஒவ்வொன்றுக்கும் இருநூறு பேர்: சட்டம் படித்தவன், கடல் படித்தவன், எண் படித்தவன், எதிராளியின் முகம் படிப்பதற்கென்றே படித்தவன். சோழக்கரைக்கு இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மூட்டுவலி.

அந்த இடத்தில்தான் மேட்டுநாடுகளின் மனசு இளகியது. 'கரைநாடுகளின் பகுப்பாய்வுத் திறனை வலுப்படுத்துதல்' என்று ஒரு திட்டம் போட்டு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு துணைமதியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊறுகாய்த் தட்டு அளவில் சாம்பல் நிற வட்டு. முப்பத்தேழு அறைகளின் வரைவையும் நொடியில் படிக்கும். எந்த வரியில் எந்த ஊர் போகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும். கூடவே ஒரு காதணி. யார் எந்த மொழியில் பேசினாலும் வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழில் காதுக்குள் சொல்லும். அதை வாங்கியபோது சிவசைலம் கண் கலங்கினார். பதினாறு வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடிய மனிதர்.

அவர் இப்போது வட்டின்மேல் குனிந்து, பேரனிடம் பேசுவதுபோல் பேசினார். "விடுகோடு ரெண்டு புள்ளி ஆறுன்னு வந்தா எங்களுக்கு எவ்வளவு பாதிப்பு? அதுவும் முடியலன்னா, ரெண்டு புள்ளி எட்டு வரைக்கும் தாங்குமா?"

"இரண்டு புள்ளி எட்டு என்பது உங்கள் சூழ்நிலைக்கு ஏற்ற யதார்த்தமான இலக்கு," என்றது துணைமதி. "நல்ல கேள்வி, சிவசைலம்."

அவருடைய சட்டையில் ஒரு பச்சைப் பட்டை குத்தியிருந்தது. 'இந்த வாரம் அதிகக் கேள்வி கேட்ட அணி.' ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினான்கு கேள்வி. மோசமாக நடந்தால் என்ன, அதைவிட மோசமாக நடந்தால் என்ன, எதுவரை இறங்கலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக் கோப்பில் வைத்துவிடுவார். நாளைக்கு மேலிடத்தில் கேட்டால் காட்ட வேண்டுமே. அரசு வேலையில் முப்பது வருடம் அவரைக் காப்பாற்றிய பழக்கம்.

மூன்று மணிக்கு அடுத்த வரைவு வந்தது. 2.8.

"பாத்தியா," என்றார் சிவசைலம். "குறைஞ்சிட்டு."

தனக்கொடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எண்ணை அல்ல, வட்டை.

*

அவள் தன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். படித்தது புள்ளியியல். இந்த இருக்கைக்கு வந்தது, கோட்டுக்குக் கடல்பக்கம் பிறந்த ஒருவரையாவது அணியில் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்ததால். சிவசைலம் அதை முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "கோட்டாவுல வந்தாலும் கெட்டிக்காரியா இருக்கே." அதைப் பாராட்டு என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பேரம் என்றால் என்ன என்பதை அவள் கல்லூரியில் படிக்கவில்லை. அப்பா மாட்டுத் தரகர். அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. விரல் போன தரகனுக்குச் சந்தையில் வேலை இல்லை. புதன்கிழமைதோறும் தனக்கொடி அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். பொம்பளைப் பிள்ளை துண்டுக்குள் கை விடுகிறது என்று சந்தையே சிரித்தது. மூன்று மாதத்தில் சிரிப்பு நின்றது. வாங்குபவன் கையும் விற்பவன் கையும் துண்டுக்கடியில் சந்திக்கும். விரல்தான் எண் சொல்லும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. எதுவரை இறங்குவேன் என்று வாயால் சொன்னவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் எதிராளி வீட்டிலேயே கட்டிவிட்டு வரலாம்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதினாள். இடப்பக்கம், சிவசைலம் துணைமதியிடம் கேட்ட எண்கள். வலப்பக்கம், அடுத்த வரைவில் எதிரணி போட்ட எண்கள். எட்டு நாள். கேள்வி 3.1, வரைவு 3.1. கேள்வி 2.9, வரைவு 2.9. அன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை மட்டும் சிவசைலத்துக்கு வயிற்றுப்போக்கு, கேள்வியே கேட்கவில்லை. அப்போதுதான் 1.9 வந்தது. எதிரணிக்கு அப்போது இருட்டில் கை நீட்டியதுபோல் இருந்திருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் அறைக்குப் போனாள். துணைமதியைக் கொடுத்த நிலையத்தின் ஆள், ஈவா. இவள் வயதுதான் இருக்கும். நல்ல பெண். எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுகிற பெண்.

"நாங்க கேக்குறது அவங்களுக்குப் போவுது," என்றாள் தனக்கொடி.

ஈவா தாளைப் பார்த்தாள். மறைக்கவில்லை. அதுதான் தனக்கொடிக்குத் தாங்க முடியாமல் போனது; மறைக்கவே இல்லை.

"உங்கள் கேள்விகளை யாரும் படிப்பதில்லை," என்று காதணி செய்தி வாசித்தது. "எந்த எண்ணைச் சுற்றி எத்தனை முறை கேட்டீர்கள், பதிலுக்குப் பிறகு எவ்வளவு நேரம் தயங்கினீர்கள் என்பது மட்டும் பகிரப்படும். அதற்குப் பெயர் இசைவளவு. பதினேழாம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள்."

"எதுக்கு அது?"

"பேச்சுவார்த்தை விரைவில் முடிவதற்கு. முன்பெல்லாம் இருபது ஆண்டுகள் இழுத்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் தாங்கக்கூடியது எதுவோ அது முதலிலேயே தெரிந்துவிடுகிறது."

"அவங்க தாங்கறது எங்களுக்குத் தெரியுமா?"

ஈவா கொஞ்சம் சங்கடப்பட்டாள். "அவர்கள் துணைமதியைப் பயன்படுத்துவதில்லை. அவர்களிடம் சொந்த ஆட்கள் இருக்கிறார்கள்."

"தாங்கற அளவு பாத்து ஏத்துறதுக்கு எங்க ஊர்ல ஒப்பந்தம்னு சொல்லமாட்டோம்," என்றாள் தனக்கொடி. "பாரம்னு சொல்லுவோம். வண்டிமாட்டுக்கு ஏத்துறது."

காதணி இதை ஈவாவுக்கு எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது. ஈவா புன்னகையோடு தலையசைத்து, கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினாள்.

*

யாரிடம் சொல்வது என்பதுதான் சிக்கல். கூடத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வட்டு. சாப்பாட்டறையில் தட்டுக்குத் தட்டு ஒன்று. வட்டில்லாத இடத்துக்குப் போனாலும், நாற்பத்து மூன்று கரைக்காரர்களுக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. பேச வேண்டுமானால் காதணி வேண்டும். காதணியும் துணைமதிதான். கரைக்காரர்களின் திறனை எவ்வளவு வலுப்படுத்தியிருந்தார்கள் என்றால், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும் மேட்டுநாடுகளைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் சிவசைலத்தைச் சும்மா உலாவக் கூப்பிடுவதுபோல், காதணியை அறையிலேயே வைக்கச் சொல்லி, வெளியே அழைத்தாள். பனி பெய்திருந்தது. விருந்தினர் விடுதியின் குளியல் துண்டு அவள் தோளில் கிடந்தது.

"என்னம்மா இது, குளத்துக்குப் போறவ மாதிரி."

அவள் தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு பச்சைப் பட்டையைச் சட்டையிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டார். அதை எறியவில்லை என்பதைத் தனக்கொடி கவனித்தாள்.

"இனிமே அதுகிட்ட இறங்குற கேள்வி கேக்காதீங்க சார். எதையும் கோப்புல எழுதாதீங்க."

"மேலிடத்துல கேட்டா?"

"கேக்கட்டும். உங்க மனசுல இருக்கற கடைசி எண் எதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. வாயால வேணாம்." அவர் கையை இழுத்துத் துண்டால் மூடினாள். "முழு விரல் பிடிச்சா ஒரு கிலோமீட்டர். கணுவைத் தொட்டா ஒரு பத்துல ஒண்ணு."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களைத் தேடின. இரண்டு விரல். பிறகு கணு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

இரண்டு புள்ளி ஆறு. பனையடிமேடு முழுசாக. கடைசி வீட்டின் பின்கொல்லை வரைக்கும் அளந்து கொடுத்திருந்தார். எட்டு நாளாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்.

தனக்கொடி கையை எடுக்கவில்லை. சந்தையில் கோபம் வந்தால் விரலை விடக்கூடாது, விட்டவன் போனான். அவருடைய இரண்டு விரலில் ஒன்றைப் பிடித்து மடக்கினாள். அவர் நீட்டினார். மறுபடி மடக்கினாள். ஒரு விரல், ஒன்பது கணு. அவர் கை மூன்று தரம் நழுவப் பார்த்தது. மூன்று தரமும் பிடித்து நிறுத்தினாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு பெரியவருக்குக் கை விறைத்துப்போயிருக்கிறது, மகள் தேய்த்துவிடுகிறாள் என்று தோன்றியிருக்கும்.

"ஒண்ணு புள்ளி ஒன்பது," என்று கடைசியில் மூச்சுவிட்டார் சிவசைலம். "பிடிவாதக்காரிதான் நீ."

"வாயால சொல்லாதீங்கன்னேன்."

*

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டறையில் மரியாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மரியாமா மேற்கு ஆப்பிரிக்கக் கரை ஒன்றின் தனி ஆள் அணி. தலைவரும் அவரே, உறுப்பினரும் அவரே. தனக்கொடி தன் காதணியைக் கழற்றித் தண்ணீர்க் குவளைக்குள் போட்டாள். மரியாமா புருவத்தை உயர்த்தி, தன்னுடையதையும் கழற்றினார். தாள் கைமாறியது. எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மரியாமா தன் பேனாவை எடுத்து, பக்கத்தில் தன்னுடைய எண்களை எழுதினார். கேள்வி 5.1, வரைவு 5.1. எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

பிறகு துண்டு. மரியாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கையை உள்ளே விட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். உலகத்தில் மாடு விற்கிற எல்லா ஊரிலும் ஏமாற்றுகிறவன் இருக்கிறான் போல.

நான்கு நாளில் நாற்பத்து மூன்று கைகள் துண்டுக்கடியில் போய்வந்தன. ஒவ்வொரு கரையின் உண்மையான கடைசி எண்ணும் விரலில் சொல்லப்பட்டு, விரலிலேயே சண்டை போடப்பட்டு, விரலிலேயே முடிவானது. யாரும் மற்றவரை முந்தி இறங்கக் கூடாது. துணைமதியிடம் ஒரே ஒரு வகைக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அதைச் சீட்டில் படமாக வரைந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஈவா இதையெல்லாம் பார்த்து நெகிழ்ந்துபோனாள். தென்கரைகளின் பாரம்பரிய நட்புச் சடங்கு என்று நினைத்து, துண்டு மூடிய கைகளை முப்பது படம் எடுத்து நிலையத்தின் செய்திமடலில் போட்டாள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்து மூன்று அணிகளும் ஒரே நேரத்தில் துணைமதியைக் கேட்டன.

"நாங்கள் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால், எங்கள் மக்கள் எத்தனை பேர், எந்த வழியாக, எந்த மேட்டு நகரங்களுக்கு நடந்து வருவார்கள்?"

துணைமதி முதல்முறையாக 'நல்ல கேள்வி' என்று சொல்லவில்லை. வரைபடம் போட்டது. அம்புக்குறிகள். அணிகள் மறுபடி கேட்டன. வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த எல்லையில் வேலி இல்லை, எத்தனை நாளாகும். தயக்கமே இல்லாமல், ஒன்று மாற்றி ஒன்று. இறங்குகிற கேள்வி ஒன்றுகூட இல்லை. மேட்டுநாடுகளின் திரையில் இசைவளவு சரிந்தது. அவர்களுக்கு நாற்பத்து மூன்று கையெழுத்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும், கடல் ஏறியதற்கு யார் பொறுப்பு என்ற பழைய வழக்கு உலக நீதிமன்றத்தில் மறுபடி திறக்கும். அதை மூடத்தான் இந்த ஒப்பந்தமே.

சோழக்கரைக்கு 2.8, 2.5 ஆனது. மத்தியானம் 2.2. மறுநாள் 2.0. சிவசைலத்தின் விரல்கள் வட்டின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "ரெண்டுக்கே போட்டுருவோமாம்மா? உங்க ஊர் விளிம்புலதானே..." தனக்கொடி துண்டை அவர் கைமேல் போட்டு அழுத்தினாள்.

அந்த வார இறுதியில் வந்தது. 1.9.

கையெழுத்து நடந்த கூடத்தில் மரியாமா துண்டைக் கொடிபோல் தலைக்குமேல் சுழற்றினார். தனக்கொடி பனையடிமேட்டுக்குப் போன் போட்டாள். "நூறு மீட்டர்ல தப்பிச்சிட்டோம்மா."

"எதுலேருந்துடி?" என்றாள் பூங்காவனம். ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

*

எட்டு மாதம் கழித்துத்தான் அவள் ஊருக்குப் போனாள். நடுவில் மற்றக் கரைகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. துண்டுக்குள் எப்படிப் பேசுவது என்று கூட்டம் கூட்டமாகச் சொல்லிக்கொடுத்தாள். கைதட்டல் இனிக்கும்.

பேருந்தை விட்டு இறங்கியதும் பால் சங்கக் கட்டடத்தின்முன் கூட்டம். சுவரில் பெரிய திரை. திரையில் பனையடிமேடு, வீடு வீடாக. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மேசைமேல் சாம்பல் நிற வட்டு. வாசலில் புதுப்பலகை: 'பனையடிமேடு மக்களின் பகுப்பாய்வுத் திறனை வலுப்படுத்துதல்.' கீழே, கரை நிர்வாக ஆணையர் சிவசைலம்.

அவரே அங்கே இருந்தார். "வாம்மா, வா. உன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

கோடு 1.9-இல் இல்லை. 2.1-இல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வீடு சிவப்புக்குக் கடல்பக்கம் கிடந்தன.

"ஒப்பந்தம் ஒண்ணு புள்ளி ஒன்பதுதானே சார்?"

"ஒன்பதாம் பிரிவு படிக்கலையா? தலத்து மக்கள் இசைஞ்சா கோட்ட ஐநூறு மீட்டர் உள்ள நகத்திக்கலாம். உங்க ஊரச் சுத்தி வளைக்காம சுவர நேராக் கட்டிரலாம் பாரு."

அவள் படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. துணைமதியிடம் வரைவுகளைப் பற்றி எதுவும் கேட்காமல் இருந்த அந்த நாட்களில் நாற்பத்து மூன்று அணிகளும் ஒரே அறையில், ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மீதி முப்பத்தாறு அறைகளிலும் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. இருபத்தொன்பதாம் அறையில் ஒன்பதாம் பிரிவை எழுதினார்கள். அங்கே கரைக்காரர் ஒருத்தரும் இல்லை. வேவு பார்க்கிற கண்ணாடி வேண்டாம் என்று கழற்றினால் குருடு. போட்டுக்கொண்டால் அடிமை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்கள்.

"அதுக்கு இந்த எந்திரம் எதுக்கு சார்?"

"இவங்களுக்கு யாரும்மா இருக்கா விவரம் சொல்ல?" சிவசைலத்தின் குரலில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. "நம்ம மாதிரி ஒரு நிர்வாகத்தோட இவங்க எப்படிப் பேரம் பேசுவாங்க? ஏதாவது உதவி செய்யணுமில்ல. நாம பட்ட கஷ்டம் இவங்க படக்கூடாது."

"பதினேழாம் பிரிவு?"

"அது இருந்தாத்தானே வேலை சீக்கிரம் முடியும்."

மேசையருகே பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். வட்டிடம் குனிந்து, "புது எடத்துல போர்த் தண்ணி உப்பாக் கரிக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கக்கா, நல்ல தண்ணிதான்," என்றது துணைமதி. செய்தி வாசிக்கிற தமிழ் போய்விட்டது. பனையடிமேட்டுப் பேச்சு, அந்த இழுப்போடு. "மாடு கட்ட எடம் இருக்கான்னும் கேளுங்க. தயங்காதீங்க."

"மாடு கட்ட எடம் இருக்கா?"

சிவப்புக் கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது.

தனக்கொடி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து, முந்தானைக்கடியில் இழுத்தாள். வேண்டாம், கேட்காதே என்று விரலை அழுத்தினாள். பூங்காவனம் மாட்டுத் தரகர் பெண்டாட்டி. உடனே புரிந்துகொண்டு வாயை மூடினாள்.

"கையத் தொறந்து வச்சுக்கங்கக்கா," என்றது துணைமதி இதமாக. "மூடுன கைன்னா உள்ள பயம் இருக்குன்னு அர்த்தம். வெளிச்சத்துல வச்சே பேசலாம்." கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஈவா செய்திமடலுக்காக எடுத்த முப்பது படங்களும் அதற்குப் பாடமாகியிருந்தன. ஒன்றையும் வீணாக்கவில்லை.

பூங்காவனம் கையை உருவிக்கொண்டாள். "கேக்காம எப்படிடி தெரிஞ்சிக்கிறது? நீ படிச்சவ. எதுலேருந்து தப்பிச்சோம்னு அன்னைக்குக் கேட்டேன். அப்பறமா சொல்றேன்னு வச்சிட்ட. எட்டு மாசம். வீட்டுப் பக்கம் எந்திரம் வந்துச்சு, நீ வரல. இது கேட்டா பதில் சொல்லுது."

கூட்டத்தில் யாரோ, "அக்கா சொல்றது ஞாயந்தானே," என்றார்கள்.

சிவசைலம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் பச்சைப் பட்டை எட்டிப் பார்த்தது.

"தனக்கொடி அக்காவா?" என்றது துணைமதி. குரலை எங்கேயோ பதிந்து வைத்திருந்தது. "ரொம்ப நாளாச்சு. உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணுமா?"

கேட்பதற்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா வீடு தப்புமா. கேட்டால் அதுவே விலை. அவளுக்கு அது தெரியும். உலகத்தில் மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையைத் திறந்து, வெளிச்சத்தில், மேசைமேல் வைத்தாள். ஒரு சொல்கூட வெளியே விடவில்லை. திரையைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

திரையின் அடியில் சிறிய எழுத்தில் வந்தது: தயக்கம், பதினோரு நொடி.

சிவப்புக் கோடு மெல்ல எழுந்து, பூங்காவனத்தின் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, அடுப்படி வாசலில் வந்து நின்றது.